மில்லில் மட்டும் திறக்கும்

மார்த்தாளுக்குக் கோபம் தலைக்கேறினால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைப்பாள். அன்று காலை பத்தரை மணிக்குள் நாலு தடவை துடைத்தாகிவிட்டது. கண்ணாடியில் ஒரு தூசும் இல்லை. கோளாறெல்லாம் எதிரே இருந்த கணினித் திரையில்தான்.

திரையில் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையின் தலைப்பு, எழுதிய மூன்று பேரின் பெயர், பத்து வரிச் சுருக்கம். அதற்குக் கீழே, மிக மரியாதையான ஆங்கிலத்தில் ஒரு வரி: மன்னிக்கவும், முழுக் கட்டுரையையும் படிக்க உங்கள் நிறுவனத்துக்கு அனுமதி இல்லை.

"செய்யறதையும் செஞ்சிட்டு மன்னிப்பு வேற கேக்கறான் பாரு," என்றாள் மார்த்தாள்.

பக்கத்தில் கனகா நின்றிருந்தாள். அவள் கையில் நாலாக மடித்த ஒரு கடிதம் இருந்தது. அந்தக் கடிதம் வந்து இருபத்திரண்டு நாள் ஆகியிருந்தது. மீதி இருந்தது எட்டு நாள்.

கனகா அந்தக் கல்லூரியில் விலங்கியல் விரிவுரையாளர். வயது முப்பத்தொன்று. கல்லூரியிலிருந்து மூன்று கிலோமீட்டரில், ஊர் முடிந்து வயல் தொடங்குகிற இடத்தில் பதினெட்டு இருளர் வீடுகள் உண்டு. அதில் ஒன்று அவளுடையது. அறுப்புக் காலத்தில் எலி பிடிக்க ஊர்க்காரர்கள் கூப்பிட்டு அனுப்பும் காசி, அவளுடைய அப்பா. அவள் பகுதி நேரமாக ஏழு வருஷம் செய்த ஆராய்ச்சியும் வயல் எலியைப் பற்றியதுதான். அறுப்பு நேரத்தில் எலி தன் வளைக்குள் எவ்வளவு நெல்லைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்று வளை வளையாகத் தோண்டி, நிறுத்து, எழுதி வைத்திருந்தாள். வளைக்குச் சராசரி மூன்று கிலோவுக்கு மேல் வந்தது.

ஆய்வேட்டைப் பார்த்த வெளித்தேர்வாளர்தான் அந்தக் கடிதத்தை எழுதியவர். 2001-இல் ஒரு வெளிநாட்டு இதழில் வந்த கட்டுரை, தென்னிந்திய வயல் எலி நெல்லை அநேகமாகச் சேமிப்பதே இல்லை என்று சொல்கிறது. நீங்களும் அதை உங்கள் பட்டியலில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அதை உண்மையில் படித்தீர்களா? படித்திருந்தால் இவ்வளவு வித்தியாசம் ஏன் என்று முப்பது நாளுக்குள் விளக்குங்கள். விளக்க முடியாவிட்டால் ஆய்வேட்டை ஏற்பதற்கில்லை.

கனகா அதைப் படித்திருக்கவில்லை. சும்மா கிடைக்கிற பத்து வரிச் சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டுப் பட்டியலில் சேர்த்திருந்தாள். எல்லாரும் செய்கிற காரியம்தான், மாட்டிக்கொண்டது இவள். பதிவுக் காலத்தை ஏற்கெனவே இரண்டு முறை நீட்டியாகிவிட்டது. இன்னொரு நீட்டிப்புக்கு இடமில்லை. இந்த எட்டு நாளில் பதில் போகாவிட்டால் ஏழு வருஷமும் போச்சு.

சென்னைக்குப் போய்ப் பெரிய நூலகத்தில் தேடிப் பார்த்தாள். சந்தா கட்டி மாளாமல் அந்த இதழை 1999-ஓடு நிறுத்திவிட்டார்களாம். எழுதிய மூன்று பேருக்கும் மின்னஞ்சல் போட்டாள். இரண்டு திரும்பி வந்தது, ஒன்றுக்குப் பதிலே இல்லை. இணையத்தில் தனியாக விலைக்கு வாங்கலாம் என்றால் அதற்கு வெளிநாட்டுக்குப் பணம் கட்டுகிற வங்கி அட்டை வேண்டும். கல்லூரியில் யாரிடமும் அந்த அட்டை இல்லை.

"கவலைப்படாதே, ஒண்ணாந்தேதி நம்ம நூலகத்துலயே திறக்கும்," என்று அப்போது சொன்னவள் மார்த்தாள். இன்று ஒண்ணாந்தேதி.

அவள் சும்மா சொல்லவில்லை. பதினாறு வருஷமாக அந்தக் கல்லூரியில் நூலகர். வருஷத்துக்கு வருஷம் இதழ்களின் சந்தா ஏற ஏற, இவளுடைய அலமாரி காலியாகிக்கொண்டே வந்தது. தனியாகப் போய் விலை கேட்டால் வாசலிலேயே நிறுத்துகிறவன், ஆறு பேர் சேர்ந்து போனால் நாற்காலி போடுவான் என்று அவளுக்குத் தோன்றியது. காஞ்சிபுரத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் நூலகராக இருந்த தானியேலுக்கும் அதே எண்ணம். இரண்டு வருஷம் பஸ் ஏறி இறங்கி, முதல்வர்களின் அறை வாசலில் காத்துக் கிடந்து, 'நூலகத்துக்குப் புத்தகம் வாங்காமல் கம்பியில் எதையோ வாங்குகிறீர்களே' என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி, கடைசியில் ஆறு கல்லூரி நூலகங்களைச் சேர்த்து ஒரு கூட்டமைப்பு உண்டாக்கினார்கள். ஆறு பேர் பேரில் ஒரே பேரம். எல்லாருக்கும் எல்லாம் கட்டுப்படியாகாது என்பதால் அவரவர் துறையை அவரவர் எடுத்துக்கொண்டார்கள். மற்ற ஐந்தில் நாலு பொறியியல், ஒன்று செவிலியர் கல்லூரி. விலங்கியல் தொகுப்பு மார்த்தாளுடைய கல்லூரிக்கு மட்டும்.

அந்தத் தொகுப்புதான் இப்போது அனுமதி இல்லை என்கிறது.

தானியேலுக்குத் தொலைபேசி போட்டாள்.

"நம்ம ஆறு பேர்ல அஞ்சு பேருக்குத் திறந்துடுச்சே மேடம்," என்றார் தானியேல். "உங்க இணைப்போட நம்பரைச் சொல்லுங்க."

இணையத்தில் போகிற ஒவ்வோர் இணைப்புக்கும் ஓர் எண் உண்டு. வெளிநாட்டுப் பதிப்பகம் நம் முகத்தையோ அடையாள அட்டையையோ பார்ப்பதில்லை. அந்த எண்ணைத்தான் பார்க்கிறது. கூட்டமைப்பில் சேரும்போது கல்லூரிக்கு ஓர் எண் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த எண்ணிலிருந்து போனால் கதவு திறக்கும். மார்த்தாள் திரையில் தேடி, தன் எண்ணைப் படித்தாள். தானியேல் தன் காகிதத்தில் இருந்ததைப் படித்தார். இரண்டும் ஒட்டவே இல்லை.

"அப்போ நாங்க எழுதிக் குடுத்தது யாரோட நம்பர் சார்?"

"அது உங்களுக்குத்தானே தெரியணும்," என்றார் தானியேல்.

மார்த்தாள் ஐந்தாவது முறையாகக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அலுவலகத்துக்கு நடந்தாள். படிவத்தை நிரப்பி அனுப்பியவர் அலுவலகக் கண்காணிப்பாளர் வரதன். எந்தக் காகிதத்தையும் ஒரே நாளில் அனுப்பிவிடுவார். எங்கே அனுப்பினார், என்ன அனுப்பினார் என்பதெல்லாம் பிற்பாடுதான் தெரியும்.

"பிராட்பேண்ட் லைன் வந்துடுச்சுன்னு சொன்னீங்களே, எங்க சார் கீது?"

"மில்லுல கீது மேடம்."

"எந்த மில்லுல?"

"நம்ம கரஸ்பாண்டன்ட் அய்யா மில்லுல. லைனுக்கு டிரஸ்ட் பேர்லதானே எழுதிக் குடுத்தோம்? டிரஸ்ட் ஆபீஸ் அங்கதானே கீது? டெலிபோன்காரங்க அங்க வந்து மாட்டிட்டுப் போயிட்டாங்க."

"லைன் காலேஜுக்கு சார்!"

"காலேஜுக்குத்தான் மேடம். யாரு இல்லன்னாங்க? மில்லுல கீது, அவ்ளோதான்."

இதில் வரதனைத் தனியாகக் குற்றம் சொல்லவும் வழியில்லை. அந்தக் கல்லூரியில் எல்லாமே அப்படித்தான். தாளாளர் தாண்டவராயன் முதலில் அரிசி மில் வைத்தார். அதற்குப் பிறகுதான் கல்லூரி வைத்தார். கல்லூரிக்கு வருகிற சாக்பீஸ் பெட்டி மில்லில் இறங்கும். தேர்வு விடைத்தாள் கட்டு மில்லில் இறங்கும். வேதியியல் கூடத்துக்கு வந்த அமிலக் குடுவைகள்கூட ஒரு வாரம் தவிட்டு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தன. அங்கிருந்து ஒரு டிராக்டர் போகிற போக்கில் எல்லாவற்றையும் கல்லூரியில் போட்டுவிட்டுப் போகும். அதே பழக்கத்தில் இணையமும் மில்லில் இறங்கிவிட்டது. டிராக்டரில் ஏற்ற முடியவில்லை, அதுதான் வித்தியாசம். வரதன் மில்லுக்குப் போன் போட்டு எண்ணைக் கேட்டு, கட்டத்தில் அழகாக எழுதி, முத்திரையும் குத்தி அனுப்பியிருந்தார். நூலகத்துக்கு மட்டும் அந்தப் பழைய, கீச்கீச்சென்று கத்திக்கொண்டு ஒட்டுகிற தொலைபேசி இணைப்பே கதி.

எண்ணை மாற்ற எத்தனை நாளாகும் என்று தானியேலைக் கேட்டாள். நாற்பத்தைந்து நாள் என்றார். அதுவும் அவர்கள் மனசு வைத்தால்.

மார்த்தாளுக்கு அழுகை வந்தது. அழுதால் வரதன் பார்ப்பாரே என்று கோபமாக மாற்றிக்கொண்டாள். இரண்டு வருஷம் ஆறு கல்லூரியை இழுத்துக் கட்டி, கடல் கடந்த கம்பெனியோடு பேரம் பேசி, இத்தனை அறிவியலையும் கொண்டுபோய் ஒரு நெல் மில்லில் கொட்டியாயிற்று!

"புறப்படு," என்றாள் கனகாவிடம். "மில்லுல திறக்கும்னா மில்லுலயே படிப்போம்."

ஷேர் ஆட்டோ பிடித்து, காஞ்சிபுரம் சாலையில் இருந்த மில்லுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்றரை. மில் கணக்கர் வேதகிரி அவர்களை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். நல்ல மனிதர். கணினியை ஒரு பூத்துவாலை போர்த்தி, மேலே சாமி படம் வைத்து, குங்குமம் இட்டு வைத்திருந்தார். வாங்கி எட்டு மாதமாகியும் அதில் தவிடு படியாததற்குக் காரணம் அதை யாரும் திறக்காததுதான்.

திறந்தார்கள். மோடத்தில் பச்சை விளக்கு எரிந்தது. மார்த்தாள் கட்டுரையின் முகவரியைத் தட்டினாள். திரை வெள்ளையானது. பச்சை விளக்கு படபடவென்று அடித்துக்கொண்டு அணைந்தது.

"அது அப்பிடித்தான் மேடம்," என்றார் வேதகிரி. மில் ஓடுகிற இரைச்சலில் அவர் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. "மிசின் ஓடினா வோல்டேஜ் எறங்கிடும். இந்தப் பொட்டி தாங்காது."

"அப்போ இது எப்பதான் வேலை செய்யும்?"

"மிசின் நின்னா செய்யும்."

"மிசின் எப்ப நிக்கும்?"

"பன்னெண்டு மணிக்கு."

மார்த்தாளுக்கு உயிர் வந்தது. அரை மணி நேரம்தானே என்று இருவரும் காத்திருந்தார்கள். சரியாகப் பன்னிரண்டுக்கு மில் நின்றது. கூடவே கணினியும் நின்றது, மின்விசிறியும் நின்றது, தலைக்கு மேல் எரிந்த விளக்கும் நின்றது.

"கரண்ட் கட்டு மேடம். ரெண்டு மணி நேரம். தெனம் இதான்," என்றார் வேதகிரி. "கரண்ட் இல்லாததாலதான் மிசின் நிக்குது. நீங்க கேட்டதுக்குத்தானே சொன்னேன்?"

இரண்டு மணிக்கு மின்சாரம் வந்தது. வந்த அடுத்த நொடி மில்லும் ஓடத் தொடங்கியது. மாலை ஆறு வரை ஓடும்; ஆறு மணிக்கு வேதகிரி பூட்டிக்கொண்டு பஸ் பிடிப்பார். மறுநாள் வகுப்பை வேறொருவர் தலையில் கட்டிவிட்டு மறுபடியும் வந்தார்கள். மோடத்துக்கு வேறு பிளக்கில் கரண்ட் எடுத்துப் பார்த்தார்கள். மில் ஓடும்போதே ஓடிப் பிடிக்கலாமா என்று பார்த்தார்கள். தலைப்பு வரை வந்தது, போயிற்று. மூன்றாம் நாள் தேர்வு மேற்பார்வை. நாலாம் நாள் ஞாயிறு, மில்லுக்குப் பூட்டு. திங்கட்கிழமை போனால் வேதகிரி விசேஷத்துக்குப் போயிருந்தார், சாவியும் அவரோடு போயிருந்தது. கனகா எதையும் கேட்பதை நிறுத்திவிட்டாள். ஆட்டோவில் வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அதைப் பார்க்கத்தான் மார்த்தாளால் முடியவில்லை. 'கவலைப்படாதே' என்று சொன்ன வாய் தன்னுடையது.

செவ்வாய்க்கிழமை, கெடுவுக்கு மூன்று நாள் இருக்கையில், மார்த்தாள் மில் அலுவலகத்தின் நடுவில் நின்று வேதகிரியிடம் சொன்னாள்: "பத்து நிமிஷம் மிசினை நிறுத்துங்க."

"நான் எப்பிடி மேடம் நிறுத்துவேன்? மொதலாளி இன்னான்னு கேட்டா?"

"நானே அவர்கிட்ட பேசறேன். போனைப் போடுங்க."

தாண்டவராயன் அப்போது வேலூர் பக்கம் நெல் பார்க்கப் போயிருந்தார். வேதகிரி சாமி படத்தை ஒரு முறை பார்த்துவிட்டு எண்ணைச் சுழற்றிக் கொடுத்தார்.

"இன்னாம்மா, பேப்பரா? பேப்பர் காலையில பையன் போட்டுட்டுப் போவானே," என்றது மறுமுனை.

"அந்தப் பேப்பர் இல்லீங்க சார். ஆராய்ச்சிக் கட்டுரை. வெளிநாட்டுல வந்தது. நம்ம மில்லு லைன்லதான் திறக்குது. மிசின் ஓடினா வரமாட்டேங்குது."

"என் மில்லுலயா வெளிநாட்டுப் பேப்பர் வருது?" குரலில் சந்தோஷம் தெரிந்தது. "எதைப் பத்தி?"

"எலியைப் பத்தி சார்."

"எலியா! அட, குடோன்ல எலித் தொல்லை தாங்கலம்மா. மூட்டை மூட்டையா கடிச்சிப் போட்டிருது. அதுக்கு மருந்து கிருந்து போட்டிருக்கானா அதுல?"

மார்த்தாள் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவள். பிள்ளைகள் பொய் சொன்னால் முட்டி போட வைக்கிறவள். ஒரு நொடி கூரையைப் பார்த்தாள்.

"இருக்குதுங்க சார்," என்றாள்.

"போனை வேதகிரிகிட்ட குடு."

மில் நின்றது. திடீரென்று வந்த அமைதியில், வெளியே மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர்கள் ஆளாளுக்கு எட்டிப் பார்த்தார்கள். பச்சை விளக்கு அசையாமல் எரிந்தது. மார்த்தாள் முகவரியைத் தட்டினாள். தலைப்பு வந்தது, பெயர்கள் வந்தன, சுருக்கம் வந்தது. மன்னிப்புக் கேட்கிற வரி வரவில்லை. ஒன்பது பக்கமும் ஒன்றன் பின் ஒன்றாகத் திறந்தது. மார்த்தாள் முதல் வேலையாக அதைத் தன் பென் டிரைவில் ஏற்றி, பென் டிரைவைப் பர்ஸுக்குள் போட்டு, பர்ஸை இடுக்கிக்கொண்டாள். பிறகுதான் நாற்காலியைக் கனகாவுக்கு விட்டாள்.

கனகா படித்தாள். வேலை நடந்தது 1998 தை மாதம்; அப்போது அவள் சென்னையில் விடுதியில் தங்கி முதுகலை படித்துக்கொண்டிருந்தாள். நடந்த இடம் காஞ்சிபுரம் மாவட்டம், உத்திரமேரூர் ஏரிப் பாசன வயல்கள். சுருக்கத்தில் தென்னிந்தியா என்று மட்டும்தான் போட்டிருந்தார்கள்.

"நம்ம ஊருதான் அக்கா," என்றாள் கனகா. தனியாக இருக்கும்போது மார்த்தாளை அவள் அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

நாலாம் பக்கத்தில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். வரப்போரம் குனிந்து கடப்பாரை போடுகிற ஒருவரின் முதுகும் பக்கவாட்டு முகமும். தலையில் துண்டு. படத்தின் கீழே, 'உள்ளூர்க் கூலியாள் ஒருவர் வளையைத் திறக்கிறார்'.

கனகா திரையில் விரல் வைத்தாள்.

"இது எங்க நைனா."

மார்த்தாள் குனிந்து படத்தைப் பார்த்தாள். இந்தப் பெண் ஏழு வருஷம் எதைத் தேடி அலைந்தாளோ அதை ஒரு கட்டுரை பொய் என்கிறது. அந்தக் கட்டுரைக்கு வளை தோண்டிக் கொடுத்தது இவளுடைய அப்பா. அதைப் பார்க்கவும் இவளுக்கு அனுமதி இல்லையாம்! யாரை நோவது என்று தெரியாமல் வேதகிரியை முறைத்தாள். அவர் பாவம், பூத்துவாலையை மடித்துக்கொண்டிருந்தார்.

கனகா அதற்குள் அடுத்த பக்கத்து அட்டவணைக்குப் போய்விட்டிருந்தாள். இருபத்தைந்து வளை. ஒவ்வொன்றின் ஆழம், வாய்களின் எண்ணிக்கை, உள்ளே இருந்த நெல். வாய்விட்டுப் படித்தாள். "ஒண்ணரை அடி, ஒரே வாய், நெல் இல்லை. ஒண்ணேகால் அடி, ஒரே வாய், நெல் இல்லை. அக்கா, இதெல்லாம் குட்டி எலி வளை. தாயை விட்டுப் பிரிஞ்சி புதுசா தோண்டின வளை. இதுல எப்பவும் நெல் இருக்காது. தாய் எலி வளை மூணடி போவும், நாலு வாய் வச்சிருக்கும், மண்ணுப் போட்டு மூடி வச்சிருக்கும். இருபத்திநாலும் குட்டி எலி வளையா எப்பிடி அமையும்?"

"இருபத்தஞ்சுன்னு போட்டிருக்கே?"

முதல் வளை மட்டும் வேறு மாதிரி இருந்தது. மூன்றடி ஆழம், நாலு வாய், நாலரை கிலோ நெல். அதற்கு ஒரு நட்சத்திரக் குறி. அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு. மற்றவற்றோடு பொருந்தாத விதிவிலக்கு என்பதால் கணக்கில் சேர்க்கப்படவில்லை.

கனகா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். கடைசிப் பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகத்துக்கும் ஒரு நிதி நிறுவனத்துக்கும் ஒரு ஜீப் ஓட்டுநருக்கும் பெயர் சொல்லி நன்றி இருந்தது. பிறகு, உள்ளூர்க் கூலியாட்களுக்கும் நன்றி.

"எங்க நைனாவுக்குக் குட்டி எலி வளை எது, தாய் வளை எதுன்னு தெரியாதா?" என்றாள். யாரையும் பார்த்து அவள் கேட்கவில்லை.

மில் மறுபடி ஓடத் தொடங்கியபோது அவர்கள் ஆட்டோவில் இருந்தார்கள்.

காசி வாசலில் உட்கார்ந்து எலிப்பொறி ஒன்றின் மூங்கிலைச் சீவிக்கொண்டிருந்தார். அறுபது வயதிருக்கும். மகளோடு நூலகத்து அம்மா வந்திருப்பதைப் பார்த்து எழுந்து, ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"நைனா, நான் மெட்ராஸ்ல படிச்சிக்கினு இருந்தப்போ, ஜீப்புல எலி வளை பாக்கன்னு யாராச்சும் வந்தாங்களா?"

"வந்தாங்களே. மூணு பேரு. ஒருத்தரு தொப்பி போட்டிருந்தாரு. இருவது நாளு இருந்தாங்க. அதுக்கு இன்னா இப்போ?"

"நீதான் வளை காட்டினியா?"

காசி மூங்கிலைக் கீழே வைத்தார். மகளின் முகத்தில் எதையோ பார்த்துவிட்டார்.

"நான்தான் காட்டினேன். மொத நாளு நல்ல வளையாத்தான் காட்டினேன். ஒரு மரக்கா நெல்லு இருந்திச்சி. அவங்க இன்னா பண்ணாங்க தெரியுமா? ஒரு மணி வுடாம அள்ளி, நிறுத்து, பையில போட்டுக் கட்டி, ஜீப்புல வச்சிக்கினாங்க. சாமி, நெல்லு எங்களுதுங்கன்னேன். சாம்பிளு அது, குடுக்க முடியாதுன்னுட்டாங்க. எலி புடிச்சா வளை நெல்லு எங்களுக்குத்தான்னு ஊரே ஒத்துக்கினு கீது. நெலத்துக்காரன்கூட அதைக் கேக்க மாட்டான். இவங்க எடுத்துக்கினு போயிட்டாங்க." குரல் உயர்ந்தது. பத்து வருஷம் ஆகியும் அவருக்கு ஆறவில்லை. "அந்த வருசம் வூட்டுல ஒரு பிடி அரிசி கெடையாது. உங்கம்மாவுக்கு உடம்பு சரியில்ல. இருவது நாளும் தாய் வளையா காட்டினா நாங்க இன்னா துன்றது? ரெண்டாவது நாள்லேருந்து குட்டி எலி வளையா பாத்துக் காட்டினேன். தோண்டித் தோண்டிப் பாத்துட்டு, ஒண்ணும் இல்லியேன்னு எழுதிக்கினு போனாங்க."

"அவங்க ஒண்ணும் கேக்கலியா?" என்றாள் மார்த்தாள்.

"இன்னா கேக்கறது? இங்க தோண்டு, அங்க தோண்டுன்னாங்க. தோண்டினேன். வளையில எவ்ளோ நெல்லு இருக்கும்னு என்னை ஒருத்தரும் கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

மார்த்தாளுக்குச் சிரிப்பதா, யாரையாவது அடிப்பதா என்று தெரியவில்லை. அந்தக் கட்டுரையை மூன்று பேர் எழுதி, இன்னும் எத்தனையோ பேர் சரிபார்த்து, கடல் கடந்து அச்சாகி, பூட்டி, விலை வைத்து, ஆறு கல்லூரி சேர்ந்து பேரம் பேசி, ஒரு மில்லை நிறுத்தித் திறந்து பார்த்தால், உள்ளே இருப்பது ஒரு மனிதர் தன் வீட்டுச் சோற்றைக் காப்பாற்றிக்கொண்ட கதை. அதில் அந்தச் சோற்றைப் பற்றி மட்டும் ஒரு வரியும் இல்லை.

கனகா உள்ளே போய் நோட்டும் பேனாவும் எடுத்துவந்து தரையில் உட்கார்ந்தாள். தேர்வாளருக்கு என்ன எழுத வேண்டும் என்று அவளுக்கு இப்போது தெரியும். முதல் வளைதான் சரியான வளை. மற்ற இருபத்திநாலும் குட்டி எலி வளை. ஆழமும் வாயும் அவர்கள் அட்டவணையிலேயே இருக்கிறது. ஆனால் ஏன் அப்படி அமைந்தது என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. அப்பாவின் பெயரைப் போட்டு, அவர் ஆராய்ச்சிக்காரர்களை ஏமாற்றினார் என்று எழுதுவதா?

காசிக்கும் அந்தப் பயம் வந்துவிட்டது. "கேசு கீசு ஆவுமாம்மா?" என்று மார்த்தாளிடம் கேட்டார். "பாப்பா வேலைக்கு ஒண்ணும் ஆவாதே?"

"அதெல்லாம் ஒண்ணும் ஆவாதுங்க," என்றாள் மார்த்தாள். அவளுக்கு ஒரு நல்ல வழி தோன்றியது. அவள் அப்படித்தான், எந்தச் சிக்கலுக்கும் யாருக்கும் நோகாத ஒரு வாக்கியம் கண்டுபிடித்துக் கொடுப்பாள். "கனகா, இப்பிடி எழுதிடு. வழிகாட்டியா போனவருக்கு வளைகளோட வித்தியாசம் தெரியாததால, குட்டி எலி வளைகளையே காட்டிட்டாருன்னு போட்டுடு. பேர் வேணாம். யாருக்கும் பிரச்சினை இல்ல."

கனகா எழுதவில்லை; தலை நிமிரவும் இல்லை. காசிதான் மார்த்தாளைப் பார்த்தார். இத்தனை நேரம் இருந்த பயம் அவர் முகத்தில் இல்லை.

"தெரியாததாலயா?" என்றார். "அம்மா, நீங்க பெரியவங்க, சொல்றேன்னு கோச்சிக்காதீங்க. இந்த ஏரிக்குக் கீழ எந்த வளையில எந்த எலி கீதுன்னு எனக்குத் தெரியும். இருவத்திநாலு தபா தோண்டி ஒரு தபாகூட நெல்லு வராம காட்டறதுன்னா சும்மாவா? தெரியாதவனால அது ஆவுமா?"

மார்த்தாளுக்கு முகம் சூடாகிவிட்டது. அந்த மூன்று பேரையும் வரதனையும் பதிப்பகத்தையும் ஒரு வாரமாகத் திட்டிக்கொண்டிருந்தவள் அவள். இப்போது தானும் போய் அதே வரிசையில் நின்றதை அவளே பார்த்தாள். வெட்கமாக இருந்தது.

"மன்னிச்சிடுங்க," என்றாள்.

"அதுக்கில்லம்மா," என்றார் காசி. மகளின் பக்கம் குனிந்து, நோட்டில் ஒரு விரலை வைத்தார். "என் பேரைப் போடு. காசின்னு போடு. தெரிஞ்சிதான் காட்டினான்னு எழுது."